எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் படச்சான்று குறைவில்லை. ஷா ஆலம் செக்‌ஷன் 25-இல், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து மட்டும் அந்த வாரம் எத்தனையோ கைப்பேசிக் காணொளிகள் வெளிவந்தன. மாடிச் சன்னலிலிருந்து கையசைக்கும் குடும்பங்கள், மிதக்கும் கார்கள், வரிசை வீடுகளுக்கு இடையே நகரும் ரப்பர் படகுகள் என எல்லாம் நம் கைக்கு வந்து சேர்ந்தன. எண்களும் வந்தன. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும். டிசம்பர் 18, சனிக்கிழமையை ஒட்டி ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று அரசு சொன்னது. நாடு முழுவதும் ஏற்பட்ட வெள்ள இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. இத்தனையையும் பார்த்தும் படித்தும் முடித்த ஒருவருக்கு, அதுவும் அந்த வட்டாரத்தை அறியாத ஒருவருக்கு, ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். இவர்கள் ஏன் முன்கூட்டியே நடந்து வெளியேறவில்லை? இடுப்பளவுத் தண்ணீர் என்று செய்தி சொல்கிறது. யாருடைய இடுப்பு? எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்து. வாசலில் நின்று பார்க்கும்போது மேட்டுச் சாலை எவ்வளவு தொலைவில் இருந்தது, அங்கே போகும் வழியில் தரை எங்கே தாழ்கிறது, இருட்டிய பிறகு எது கண்ணுக்குத் தெரிந்தது? நாலு மூலைக்குள் அடங்கும் சட்டகப் படம் இவற்றைச் சொல்லாது. அதை எடுத்தவர் பாதுகாப்பான ஓர் உயரத்தில் இருந்துதான் எடுத்திருப்பார். பார்க்கிற நாமும் அதே உயரத்திலிருந்துதான் கேட்கிறோம்.

மெய்நிகர் காட்சி, அதாவது பத்திரிகைக்காரர்கள் விஆர் என்று சொல்லும் தொழில்நுட்பம், செய்தித்துறைக்கு உண்மையில் தரக்கூடியது இந்தக் கேள்விக்கான விடையைத்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஓர் இடத்தின் அளவு, மட்டம், தொலைவு, பார்வைக்கோடு ஆகியவை எங்கெல்லாம் செய்தியின் உயிர்நாடியோ, அங்கெல்லாம் விஆர் சான்றாகப் பயன்படும். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் செய்தியறைகளுக்குள் நுழைந்தபோது விற்கப்பட்டது வேறொரு வாக்குறுதி. அடுத்தவர் துயரத்தை நம் துயரமாக உணரச் செய்யும் என்றார்கள். அந்த வாக்குறுதிக்குச் சான்று போதவில்லை. அது சரிந்ததோடு சேர்த்து நல்லதொரு கருவியையும் பல செய்தியறைகள் கைகழுவிவிட்டன என்பதுதான் வருத்தம்.

தொடக்கத்தைப் பார்த்தால் அந்த உற்சாகம் புரியும். 2012-இல் சண்டான்ஸ் திரைவிழாவில் நோனி டி லா பென்யா என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 'ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சலஸ்' என்ற படைப்பைக் காட்டினார். உணவு வங்கி வரிசையில் காத்திருக்கும் நீரிழிவு நோயாளி ஒருவர் மயங்கி விழுகிறார். ஒலி முழுவதும் நிகழ்விடத்தில் பதிவானது. உருவங்கள் கணினியில் கட்டப்பட்டவை. இன்றைய தரத்தில் அந்த உருவங்கள் கரடுமுரடானவைதான். ஆனாலும் ஹெட்செட் அணிந்தவர்கள், அங்கே யாருமில்லை என்று தெரிந்தே, விழுந்தவருக்கு உதவ மண்டியிட்டார்கள். இதற்கு மூளை அறிவியலில் விளக்கம் உண்டு. தலையைத் திருப்பினால் காட்சியும் அதே அளவு, மனிதர் உணரமுடியாத தாமதத்தில் திரும்ப வேண்டும். சுமார் இருபது மில்லிநொடிக்குள் அது நடந்தால், உள்காது சொல்லும் அசைவும் கண் காணும் அசைவும் பொருந்திவிடுகின்றன. பொருந்தியதும் மூளை தன் உடல் அந்த இடத்தில் இருப்பதாகவே கணக்குப் போடத் தொடங்குகிறது. மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் இதை இரண்டாகப் பிரிக்கிறார்: 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற இடமயக்கம் ஒன்று, 'இது நடக்கிறது' என்ற நிகழ்மயக்கம் மற்றொன்று. பள்ளத்தின் விளிம்பில் நிற்கவைக்கும் ஆய்வுக்கூடச் சோதனைகளில், தட்டைத் தரையில் நிற்பது தெரிந்தும் மக்களின் இதயத்துடிப்பு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அறிவு தடுத்தாலும் உடல் நம்பிவிடுகிறது. செய்தி சொல்பவருக்கு இது பெரிய வசதி, அதே அளவு பெரிய பொறுப்பு.

2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஆக்குலஸை 2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் வீட்டுச் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான அட்டைக் கண்ணாடிகளை நாளிதழோடு அனுப்பி, 'தி டிஸ்பிளேஸ்டு' என்ற அகதிக் குழந்தைகளின் படத்தை வெளியிட்டது. அதே ஆண்டு டெட் மேடையில் கிறிஸ் மில்க், விஆரைப் பரிவை உண்டாக்கும் உச்சபட்ச எந்திரம் என்றே அறிமுகப்படுத்தினார். மும்பையின் மீமெசிஸ் நிறுவனம் 2016-இல் எல்ஸ்விஆர் என்ற பெயரில் இந்திய ஆவணப்படங்களை வெளியிட்டது. 2017-இல் அல் ஜசீராவின் கான்ட்ராஸ்ட் விஆர் குழு 'ஐ ஆம் ரோஹிங்யா'வை எடுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் ரோஹிங்யா மக்கள் நம் பக்கத்துத் தெருக்களில் வாழ்கிறார்கள் என்பதால் அந்தப் படத்தின் பொருள் இங்கே தொலைதூரச் செய்தியாக இருந்ததில்லை.

அந்தப் படங்களால் பரிவு கூடியதா? ஆய்வுகள் பிரித்துப் பிரித்துத்தான் பதில் சொல்கின்றன. 2017-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷ்யாம் சுந்தர் குழு, நியூயார்க் டைம்ஸின் இரண்டு செய்திகளை 129 பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. எழுத்தும் படமுமாகப் படித்தவர்களைவிட, ஹெட்செட்டிலோ 360 பாகைக் காணொளியிலோ பார்த்தவர்கள் அதிகப் பரிவும் செய்தியின்மேல் அதிக நம்பிக்கையும் தெரிவித்தார்கள். 2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்றில், வீடிழப்பதை விஆரில் அனுபவித்தவர்களில் 82 விழுக்காட்டினர் மலிவு வீட்டுவசதிக்கான மனுவில் கையெழுத்திட்டார்கள். அதே கதையைப் படித்தவர்களில் 67 விழுக்காட்டினர். வேறுபாடு உண்மைதான், ஆனால் வெறுமனே படித்தவர்களிலேயே மூன்றில் இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2021-இல் 43 ஆய்வுகளைத் தொகுத்து அலசியவர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: விஆர் உணர்ச்சிவழிப் பரிவைத் தூண்டுகிறது, அடுத்தவரின் நிலையை எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பரிவை அது கூட்டுவதில்லை, ஒருவரைப் பற்றிப் படித்து மனத்தில் நிறுத்திப் பார்ப்பதைவிட மேலான பலனும் தெரியவில்லை. உளவியலாளர் பால் புளூம் எழுப்பிய ஆட்சேபம் இதற்கும் ஆழமானது. அகதியின் துயரம் முகாமில் ஐந்து நிமிடம் நிற்பதில் இல்லை. எப்போது முடியும் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதில் இருக்கிறது. கழற்றி வைக்கக்கூடிய கருவியால் அதைத் தர முடியாது. இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. அது முழுக்கச் சரி. 2017 அக்டோபரில் மார்க் சக்கர்பெர்க் புயலில் சிதைந்த போர்ட்டோ ரிக்கோவின் 360 பாகைக் காட்சிக்குள் கார்ட்டூன் உருவமாக நின்று பேசிவிட்டு மறுநாளே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது, துயரம் நடந்த இடத்தில் வெறுமனே 'இருந்துவிட்டு வருவது' எவ்வளவு மலிவாகிவிடும் என்பதைக் காட்டியது.

ஆனால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. அது இடம். 2018 ஏப்ரல் 7 அன்று சிரியாவின் டூமாவில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் இரசாயனத் தாக்குதல் நடந்தது. சிரிய அரசும் ரஷ்யாவும் அதை நாடகம் என்றன. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்களால் அங்கே போக முடியவில்லை. அவர்கள் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற லண்டன் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து, வெளியான காணொளிகளிலிருந்தே அந்தக் கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டினார்கள். மாடத்தில் கிடந்த வாயு உருளையின் நசுங்கலையும் தரையில் விழுந்த ஓட்டையையும் சுற்றியிருந்த சிதைவுகளையும் பொருத்திப் பார்த்து, அது மேலிருந்து விழுந்தது என்பதை நிறுவினார்கள். வாசகர் தன் கைப்பேசியிலேயே அந்த உருளையைச் சுற்றி வந்து பார்க்க முடிந்தது. யாரும் அழச் சொல்லவில்லை. அளந்து பார்க்கச் சொன்னார்கள். விஆரின் கையிருப்பில் செய்திக்கு உகந்த பொருள் எது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

நம் பள்ளத்தாக்கில் இதற்குக் காத்திருக்கும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11 அன்று சரிந்த ஹைலண்ட் டவர்ஸைத்தான் சொல்வேன். பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் மூன்று. முதல் கட்டடம் பட்டப்பகலில் சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். மழையால் மண் சரிந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், பலர் முடித்தும் விட்டார்கள். ஆனால் விசாரணையிலும், 2000-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்த வழக்கிலும் வெளிவந்தது ஒரு சங்கிலி. கட்டடங்களுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு, அதில் படிப்படியாகக் கல்லடுக்குத் தடுப்புச் சுவர்கள். இயல்பாகக் கீழே பாய வேண்டிய ஓடை ஒன்று குழாய் வழியாகச் சரிவின் குறுக்கே திருப்பி விடப்பட்டிருந்தது. மேலே குன்றில் புதிய வீடமைப்புக்காகக் காடு அழிக்கப்பட்டதும் பெருகிய நீரையும் சேற்றையும் அந்த வடிகால் தாங்கவில்லை. பத்து நாள் மழையில் மண் ஊறியது, சுவர்கள் விட்டுக்கொடுத்தன, நகர்ந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்த அடித்தளம் மேலிருந்து வரும் எடையைச் சுமக்கும். பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்கும் வலு அதற்குப் போதவில்லை. இந்தப் பத்தியைப் படிக்கிறவர் கட்டாயம் ஒருமுறையாவது மேலே போய்த் திரும்பப் படித்திருப்பார், ஏனென்றால் இதன் ஒவ்வொரு வரியும் இடஞ்சார்ந்தது. பின்புறக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சரிவு எவ்வளவு நெருக்கம், ஓடை எங்கே இருந்து எங்கே திருப்பப்பட்டது, குன்றின் உச்சியில் வெட்டிய மண்ணுக்கும் கீழே தூங்கும் குடும்பத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் என்ன என்பதெல்லாம் நின்று பார்க்கும் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். விளங்கிய பிறகு கேட்கப்படும் கேள்வி 'ஐயோ பாவம்' என்பதோடு நிற்காது. மேலே நடந்த வேலைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்கும். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம்தளத்தில் 31 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவிலும் இதே நிலைதான். சுமார் 450,000 கன மீட்டர் மண் இறங்கியது என்று எல்லாச் செய்திகளும் சொல்லின. அந்த எண்ணைக் கண்முன் நிறுத்திப் பார்க்க முடிந்த வாசகர் எத்தனை பேர்?

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்றை ஆய்வுக்கூடங்களே தந்திருக்கின்றன. ஹெட்செட்டுக்குள் மனிதர்கள் தொலைவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2013-இல் வெளிவந்த ஒரு விரிவான மறுஆய்வு, பல ஆய்வுகளின் சராசரியாக, உண்மைத் தொலைவில் சுமார் 74 விழுக்காடாகவே மக்கள் கணித்தார்கள் என்று காட்டியது. புதிய கருவிகளில் இது மேம்பட்டிருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. அப்படியானால் தொலைவைக் காட்ட விஆர் என்பதே முரண் இல்லையா? இல்லை; காட்சியை வெறுமனே விட்டால்தான் முரண். பழகிய அளவுள்ள பொருள் பக்கத்தில் இருந்தாலும், பார்ப்பவருக்கே ஓர் உடல் உருவம் கொடுத்தாலும் பிழை குறைகிறது. ஆகவே தண்ணீர் ஏறிய சுவரின் பக்கத்தில் அளவுகோல் வேண்டும், வாசல் கதவு முழுமையாகத் தெரிய வேண்டும், தரைமீது மீட்டர் கோடுகள் வேண்டும். கேமராவின் உயரம் இதையெல்லாம்விட முக்கியம். முக்காலியை 1.7 மீட்டரில் நிறுத்தினால் வளர்ந்த ஆணின் வெள்ளம் கிடைக்கும், 1.1 மீட்டருக்கு இறக்கினால் அதே வெள்ளம் பிள்ளையின் வெள்ளமாகும். எந்த உயரத்தில் எடுத்தோம், ஏன் என்று செய்தியிலேயே எழுத வேண்டும். இன்று இதை எழுதும் செய்தியறைகள் அரிது.

அடுத்த ஆட்சேபம், கட்டியெழுப்பிய காட்சி பிழையாக இருந்தாலும் உடல் நம்பிவிடுமே என்பது. நியாயமான அச்சம். நூற்றுக்கணக்கான புகைப்படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு முப்பரிமாண வடிவம் கட்டும்போது, கேமரா பார்த்த இடம் அளவோடு வரும். பார்க்காத மூலையை மென்பொருளோ வடிவமைப்பாளரோ இட்டு நிரப்புவார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதற்கு நேர்மையான வழி, அளந்ததை அதன் நிறத்தில் காட்டி, ஊகித்ததை வண்ணமில்லாத வெற்றுருவாக விடுவது. பார்ப்பவரின் மயக்கம் சற்றுக் கலையும், கலையட்டும். எழுத்திலும் 'கூறப்படுகிறது' என்ற சொல் ஓட்டத்தைத் தடுக்கத்தான் செய்கிறது, அதற்காக யாரும் அதை விட்டுவிடுவதில்லை. செயற்கை நுண்ணறிவு ஒரே புகைப்படத்திலிருந்து முழுத் தெருவையே புனைந்து தரும் இந்த நாள்களில், அளந்ததற்கும் புனைந்ததற்கும் இடையிலான கோட்டைக் காக்காத செய்தியறை விஆரைத் தொடாமலிருப்பதே நல்லது.

செலவைப் பற்றிய ஆட்சேபத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஹெட்செட் வணிகத்தை நம்பி இறங்கியவர்கள் பின்வாங்கியது உண்மை: பிபிசியின் விஆர் பிரிவும் கூகுளின் டேட்ரீம் விஆர் தளமும் 2019-இல் நின்றன, அட்டைக் கண்ணாடி விற்பனை 2021-இல் முடிந்தது. அதே 2019-இல் 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழும் நின்றுபோனது. அச்சுக்கூலிக்கே திண்டாடும் நம் நாளிதழ்களிடம் ஹெட்செட் பற்றிப் பேசுவது எனக்கும் கூச்சம்தான். ஆனால் நான் சொல்லும் வேலைக்கு ஹெட்செட் கட்டாயமில்லை. விரலால் திருப்பிப் பார்க்கும் 360 பாகைக் காட்சி சாதாரணக் கைப்பேசியில் ஓடும். கேமரா ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குக் கிடைக்கிறது. 2020 முதல் சில கைப்பேசிகளிலேயே தொலைவை அளக்கும் லைடார் இருக்கிறது. வாரம் ஒரு விஆர் படம் எடுக்கச் சொல்லவில்லை. மட்டமும் தொலைவும் செய்தியாகும் ஆண்டுக்கு நான்கைந்து நிகழ்வுகளில், இடம் கழுவித் துடைக்கப்படுவதற்கு முன் போய் அளந்து வைக்க வேண்டும். ஸ்ரீ மூடாவில் சுவர்களில் படிந்த சேற்றுக்கோடு சில வாரங்களுக்கு வீடுவீடாகத் தெரிந்தது. பின்னர் வண்ணம் பூசிவிட்டார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, கேமராவின் பார்வைக்குத் தப்பாத மனிதர்கள். சாதாரணக் கேமராவுக்கு முதுகுப்புறம் உண்டு. படமெடுக்க விரும்பாதவர் அங்கே ஒதுங்கலாம். 360 பாகைக் கேமராவுக்கு அது இல்லை. 2020 மே தினத்தில், நடமாட்டக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஆவணமற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கைதானார்கள். அதைப் பற்றி ஜூலையில் அல் ஜசீரா வெளியிட்ட ஆவணப்படத்தில் முகம் காட்டிப் பேசிய தொழிலாளி ஒருவர் தேடிப் பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகம் சோதனையிடப்பட்டது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணொளி எடுக்க உரிமம் வேண்டுமா என்ற சர்ச்சை நாடாளுமன்றம்வரை போனதும் அந்த ஜூலையில்தான். விரும்பிப் பேசியவருக்கே அந்தக் கதி என்றால், தெருவில் நடந்துபோன குற்றத்துக்காக முழுவட்டக் காட்சியில் பதிவாகிறவர் நிலை என்ன? மக்கள் இருக்கும்போது முழுவட்டம் எடுக்கக் கூடாது. இடத்தை மட்டும், ஆளில்லாத நேரத்தில், அளந்து எடுக்க வேண்டும். மனிதர்களைத் தனியே, அவர்கள் சம்மதத்தோடு, பழைய கேமராவில் எடுக்க வேண்டும். விஆரின் வேலை இடத்தைக் காட்டுவது என்று ஏற்றுக்கொண்டால் இந்த விதி இயல்பாகவே வந்துவிடும். பரிவுதான் நோக்கம் என்று வைத்துக்கொண்டால் முகங்களைத் துரத்தத்தான் தோன்றும்.

இடம் என்றதும் கண்ணை மட்டும் நினைத்துக்கொண்டோம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் அதைத் திருத்தும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், பார்வையற்ற பலர் அந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். துன் சம்பந்தன் சாலையில் தலைக்குமேல் ஓடும் மோனோரயிலின் ஒலி எந்தப் பக்கச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, காலடியில் மஞ்சள் வழிகாட்டிக் கல் எங்கே முடிந்துபோகிறது, அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடச் செய்தி. ஒரு நூற்றாண்டுக்கு முன் இரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீட்டுக் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது நம்மிடம் எஞ்சியவை முகப்புப் படங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி, ஒரு வாசலில் கூப்பிட்டால் எத்தனை வாசலுக்குக் கேட்கும் என்பது பதிவாகவில்லை. ஒலியும் இடச்சான்றாகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சிரியாவின் செட்னயா சிறைக்குள் எந்தச் செய்தியாளரும் போக முடியாத நிலையில், அங்கே கண்கள் கட்டப்பட்டு இருந்தவர்களின் செவி நினைவைக் கொண்டே, காலடி ஓசையும் கதவொலியும் எவ்வளவு எதிரொலித்தன என்று ஒப்பிட்டுக் கேட்கவைத்து, 2016-இல் அம்னெஸ்டியும் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சரும் சிறையின் அறைகளையும் தாழ்வாரங்களையும் அளவோடு மீட்டெடுத்தார்கள். திசையோடு ஒலியைப் பதியும் கருவி இன்று 360 பாகைக் கேமராவைவிடப் பெரிதாக விலை இல்லை. தமிழ் வானொலியைக் காலையிலிருந்து இரவுவரை கேட்கும் சமூகத்துக்கு அதில் வரும் செய்தி அந்நியமாகவும் இராது. பிரிக்ஃபீல்ட்ஸில் அடுத்த சாலை விரிவாக்கமோ கட்டட இடிப்போ வரும்போது ஒரு தமிழ்ச் செய்தியறை இந்த முயற்சியில் இறங்கினால், எந்த இடத்தில் ஒலிவாங்கியை வைப்பது, எது அளக்கத்தக்க மாற்றம் என்பதை முடிவுசெய்ய வெள்ளைக் கோலோடு அந்தத் தெருவில் இருபது ஆண்டு நடந்தவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர் குழுவில் அமர்த்த வேண்டும்.